தலைமேல் கல்

பேரில்தான் மொட்டை மாடி.
ஏறிப் பார்த்தால்
முப்பத்தொரு தண்ணீர்த் தொட்டி,
துருப்பிடித்த டிஷ்கள்,
யாருடையதென்று யாருக்கும் தெரியாத ஒரு குளியல் தொட்டி,
கொடியில் ஒற்றைக் காலுறை.
புர்ஜ் ஹம்மூதில் எந்தக் கட்டடமும் இப்படித்தான்.
மிச்சமிருந்த வெறுந்தரையை
இத்ரிஸும் நானும் டேப் பிடித்து அளந்தோம்.
பதினாறு பேனல் கொள்ளும்.
டிசம்பர் மாத நிழல் எதுவரை நீளும் என்று
சுண்ணாம்புக் கட்டியால் கோடு போட்டான் அவன்.

டிரில்லைக் கையில் எடுத்ததுதான் தாமதம்,
ஆறாம் மாடியிலிருந்து ஏறி வந்தாள் வார்துஹி.
செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவள்.
ஜெனரேட்டர்காரனுக்கே இரண்டு மாதப் பாக்கி,
எனவே பேனல் கணக்கில் சேராத ஒரே வீடு.
ஆனால் எங்கள் தரைதான் அவள் கூரை.

"டிஷ் மாட்ட வந்தவன் நாலு துளை போட்டான்.
அந்த மழைக்காலம் முழுக்க
அடுப்படியில் நாலு பாத்திரம் வைத்தேன்.
ராத்திரியெல்லாம்
ஒவ்வொன்றும் ஒவ்வொரு சுருதியில் சொட்டும்.
என் தலையில் கல்லைத் தூக்கிப் போடு, பரவாயில்லை.
துளை மட்டும் போடாதே."

சரி,
கல்லையே போடுவோம் என்றேன்.

லிஃப்ட் இருந்தது. மின்சாரம் இல்லை.
மின்சாரத்துக்காகத்தான் இத்தனை பாடும் என்பதால்
யாருக்கும் சிரிப்பு வரவில்லை.
இருபது கிலோ கான்கிரீட் கட்டைகளை
இரண்டு நாள் தோளில் ஏற்றினோம்.
மூன்றாம் மாடித் திருப்பத்தில்
ஒன்று கைநழுவி இரண்டாகப் பிளந்தது.
நாளைக்கு இன்னொன்று கொண்டுவரலாம் என்றேன்.

காற்று தள்ளும் என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள்.
அது தூக்கும்.
கைப்பிடிச்சுவரைத் தாண்டிக் குதித்து
பேனலுக்கு அடியில் கைவிட்டு நெம்பும்.
மூலைகளில்தான் அதற்கு வெறி.
அதனால் நடுவில் மூன்று கல், ஓரத்தில் ஐந்து,
மூலைக்கு எட்டு.
கல்லுக்குக் கீழே ரப்பர் விரிப்பு.
தரையில் ஒரு கீறல்கூட இல்லாமல்
சாய்ந்து நின்றன பதினாறும்
தெற்கு பார்த்து.

பிப்ரவரியில் கடல் பக்கமிருந்து வந்தது.
இரவு இரண்டு மணிக்குத் தூக்கத்தில்
ஒரு எண் என்னை உலுக்கியது.
தென்மேற்கு மூலை.
ஏழு.

தெருவுக்குக் குறுக்கே ஜெனரேட்டர் கம்பிகள் ஊஞ்சலாட
ஓடினேன்.
ஆறு மாடி. இருட்டு. கதவு ஏற்கெனவே திறந்திருந்தது.

மழைக்கோட்டை இரவு உடைக்கு மேல் மாட்டிக்கொண்டு
மூலைச் சட்டத்தின் மேல் உட்கார்ந்திருந்தாள் வார்துஹி.
அவள் பக்கத்தில்
பழைய தையல் இயந்திரத்தின் இரும்புத் தலை.
சட்டத்தின் நீளத்துக்கு
அந்த நாலு பாத்திரங்கள்.
மழையே அவற்றை நிரப்பிக்கொண்டிருந்தது.

"என் கட்டிலுக்கு நேர் மேலே
கிடுகிடு என்றது.
வந்துவிட்டாய் அல்லவா, உட்கார்."

எழுபத்திரண்டு கிலோ நான்.
உட்கார்ந்தேன்.
விடியும்வரை அவ்வப்போது
காற்று எங்களைத் தூக்கிப் பார்த்தது,
இருந்த இடத்திலேயே வைத்தது.
நாங்கள் அதிகம் பேசவில்லை.
செருப்புக்கு ஆட்டுத்தோலா மாட்டுத்தோலா என்று
ஏதோ கேட்டேன், பதில் காற்றில் போயிற்று.

காலையில் இத்ரிஸ் எட்டாவது கல்லோடு வந்தான்.
கணக்கு நோட்டில் நான் எழுதினேன்:
பாத்திரம் நான்கு, இயந்திரம் ஒன்று, ஆள் இரண்டு,
ஒரு இரவு வாடகை.
தொகைக்கான இடம் காலியாக இருக்கிறது.

எட்டு வீட்டுக்காரர்களும் கூடிப் பேசினார்கள்.
அவளுக்கும் ஒரு கம்பி இழுத்துவிடலாம் என்றார்கள் ஆறு பேர்.
இரண்டு பேர் யோசிக்க வேண்டும் என்றார்கள்.
ஏப்ரல் ஆகிவிட்டது,
யோசிக்கிறார்கள்.

அவள் அடுப்படியில்
ஒரு சொட்டு ஒழுகவில்லை.
இருட்டு மட்டும்.